கண்ணளவும் டேப்பும்: சோழி போட்டு உள்ளுணர்வை வளர்ப்பது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 26 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஆள் படியேறி வரும்போதே மார்பளவு என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் டேப்பை எடுக்க வேண்டும். நான் 36 என்று நினைப்பேன், டேப் 38 காட்டும். ஒரு வருடத்தில் அரை அங்குலம் முன்னே பின்னே என்ற அளவுக்கு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் துணியைக் கையில் வாங்கும்போதே இந்தம்மாவுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம் என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உள்ளுணர்வு வளர்வதும் இப்படித்தான். முதலில் சொல்ல வேண்டும், பிறகு அளக்க வேண்டும். குறி பார்க்கிற நிறையப் பேர் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். டேப்பை எடுப்பதே இல்லை.

சோழி எனக்கு ஆயாவிடமிருந்து வந்தது. மஞ்சள் துணியில் முடிந்து வைத்த 12 சோழி. மத்தியானம் அதே சோழியில் எங்களோடு தாயம் ஆடுவார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அதையே எடுத்துக் குறி பார்ப்பார். நீங்கள் புதிதாக வாங்குவதானால் பூஜை சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். ஒரே அளவாக, முதுகு உடையாததாகப் பொறுக்கி எடுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை.

முதல் பத்து நாள் எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். தினம் பத்து முறை உருட்டிப் போட்டு, எத்தனை சோழி மல்லாந்து, அதாவது வாய்ப்பக்கம் மேலே தெரிய விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். நூறு முறை போட்டு முடிப்பதற்குள் உங்கள் சோழியின் குணம் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக விழுகிற சோழி அபூர்வம். பித்தளைத் தட்டில் ஒரு மாதிரி விழும், பாயில் வேறு மாதிரி விழும். உங்கள் சோழியில் 7, 8 வழக்கமாக விழுகிறது என்றால், கேள்வி கேட்டு 7 விழுந்ததில் தனிச் சேதி இருக்காது. 2 விழுந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ஆயாவுக்கு இதெல்லாம் வாழ்நாள் பழக்கத்தில் கைவந்தது. நமக்கு நோட்டு வேண்டியிருக்கிறது.

பதினோராம் நாள் கேள்வி. சின்னதாக, சாயங்காலத்துக்குள் விடை தெரிந்துவிடுகிற மாதிரி கேளுங்கள். "என் வாழ்க்கை எப்படி இருக்கும்" என்பதற்கு டேப்பே கிடையாது. "இன்று முதலில் வரப்போவது பழைய ஆளா, புது ஆளா" என்பதற்கு உண்டு. கேள்வியை வாய்விட்டு ஒரு முறை சொல்லுங்கள், போடுங்கள். எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டு மொத்தத்தையும் ஒரு மூச்சு நேரம் பாருங்கள். சோழிகள் கூட்டமாகக் கிடக்கிறதா, சிதறிக் கிடக்கிறதா, ஒன்று தனியே ஓடிப்போயிருக்கிறதா? அப்போது மனதில் எழும் முதல் சொல் எதுவோ அதை எழுதுங்கள். இரண்டாவது சொல் வருவதற்குள் எழுதிவிட வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் நம் ஆசையாகத்தான் இருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்கிறேன். "தைத்துவைத்ததை எல்லாரும் சனிக்கிழமைக்குள் வாங்கிக்கொண்டு போவார்களா" என்று போட்டேன். நடுவில் ஒன்பது சோழி ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஓரத்தில் மூன்று தனித்தனியாக, மூன்றும் கவிழ்ந்து. "மூணு பேர் வரமாட்டாங்க" என்று தோன்றியது, எழுதினேன். இரண்டு பேர் வரவில்லை. மூன்றாவது ஆள் சனிக்கிழமை ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்குக் குடையோடு வந்து நின்றார். அவர் வந்த நேரத்தைக் கணக்கில் கொண்டு "சரி" என்று போட மனம் துடித்தது. "பாதி" என்றுதான் போட்டேன். இந்த ஒரு இடத்தில் கறாராக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

நோட்டை நான் என் அளவு நோட்டு மாதிரியே வைத்திருக்கிறேன். 200 பக்கக் கோடு போட்ட நோட்டு. இடது பக்கத்தில் தேதி, நேரம், கேள்வி, விழுந்த கணக்கு, முதல் சொல். அதற்குக் கீழே உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. வலது பக்கம் காலியாகவே இருக்கும், விடை தெரிந்த நாளில்தான் அதில் எழுதுவேன். அளவு நோட்டில் துணித் துண்டைப் பின் அடிப்பது போல இதிலும் மூலையில் ஒரு துண்டு உண்டு. வேலை பற்றிய கேள்விக்கு நீலம், வீட்டுக்கு மஞ்சள், அடுத்தவருக்காகப் பார்த்ததற்குச் சிவப்பு. நோட்டை மூடி ஓரத்தைப் பார்த்தாலே எதைப் பற்றி அதிகம் கேட்கிறேன் என்று தெரியும். கடைசி நான்கு பக்கம் மாதக் கணக்கு. ஆமாம், இல்லை என்கிற கேள்வியில் 30-க்கு 15 சரியாக வந்தால் அது காசைச் சுண்டிப் போட்டாலும் வரக்கூடியது. 17, 18 வந்தாலும் குதிக்காதீர்கள். மாதா மாதம் அப்படியே தொடர்கிறதா என்று பாருங்கள்.

இப்படி எழுதிப் பார்ப்பது பக்திக் குறைவு என்று சிலர் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரிக்கு 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி வந்து சேர்ந்த அரவிந்தர், தன் யோக அனுபவங்களை வருடக்கணக்கில் நாட்குறிப்பாக எழுதினார். அதில் திரிகால திருஷ்டியும், அதாவது முக்காலமும் அறிகிற பார்வையும் வரும். முன்கூட்டித் தோன்றியது பலித்ததா, தவறியதா என்று குறித்துக்கொண்டே போயிருக்கிறார். அவரே சரிபார்த்தார் என்றால் நாம் பார்ப்பதில் என்ன குறை?

சோழி மேல் மனம் ஒட்டாதவர்கள் டாரோ அட்டை, அதாவது குறி பார்க்கிற படச் சீட்டு எடுக்கலாம். மொத்தம் 78 அட்டை, 22 பெரியவை, 56 சிறியவை. 1909-இல் லண்டனில் வெளியான கட்டுதான் ஆரம்பிக்க நல்லது. அதற்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். சிறிய அட்டைகளிலும் அவர் ஆட்களையும் காட்சியையும் வரைந்துவைத்திருப்பதால், அர்த்தப் புத்தகத்தைத் திறக்காமலே பார்க்க முடியும். காலையில் ஒரே ஒரு அட்டை எடுத்து, படத்தில் கண் முதலில் எங்கே போனது என்று எழுதுங்கள். ஆறு வாள்கள் என்கிற அட்டையில் ஒரு படகு, தள்ளுகிறவர், முக்காடிட்ட பெண், ஒரு குழந்தை. ஒரு பக்கத் தண்ணீர் அலையாக இருக்கும், மறுபக்கம் அமைதியாக இருக்கும். ஒருநாள் என் கண் அலைக்குப் போகும், இன்னொரு நாள் குழந்தைக்குப் போகும். அன்றைய சேதி அதுதான். குதிரையில் எலும்புக்கூடு வரும் மரண அட்டையைக் கண்டு அலறாதீர்கள். முடிந்துபோகிற ஒன்றைக் காட்டுகிற அட்டை அது, பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடியது விரிச்சி, அதாவது யாரோ தற்செயலாகப் பேசுவது காதில் விழ, அதையே குறியாக எடுத்துக்கொள்வது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நல்ல சொல் காதில் விழக் காத்து நிற்கிறார்கள். பசித்த கன்றிடம் ஓர் இடைச்சி "உன் தாய் இப்போதே வந்துவிடும்" என்கிறாள். போருக்குப் போனவன் வருவான் என்று அதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கேள்வியோடு நடப்பேன். யாரோ யாரிடமோ சொல்கிற, காதில் முதலில் விழுகிற முழு வாக்கியத்தை எழுதிக்கொள்வேன். செல்போனைப் பையில் வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

இனி நான் கனமான மனதோடு எழுதவேண்டிய பகுதி. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. கடையின் ஓட்டுக்கூரை போய்விட்டது. அடுத்த சில மாதம் காற்று வேகமாக அடித்தாலே கை நடுங்கும். அந்தச் சமயத்தில் மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. சோழி போட்டேன், ஒன்பது கவிழ்ந்தன. "போகாதே" என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன். என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றான், ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தான். பிற்பாடு பழைய நோட்டைப் புரட்டியபோது அந்தப் பக்கத்தில் உடம்பு என்ற வரியில் "நெஞ்சு படபடப்பு, கை ஜில்லென்று" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. படபடப்பு என்று எழுதியிருந்த எல்லாப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே தவறு. பலித்தவற்றில் "சும்மா தெரிந்தது", "சாதாரணம்" என்று இருந்தது. என் விஷயத்தில் பயம் சத்தமாகப் பேசும், உள்ளுணர்வு சத்தமில்லாமல் வரும். உங்களுக்கு எது எப்படி வரும் என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல முடியும். அதனால் உடம்பு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கலங்கியிருக்கும் நாளில் சோழியைத் தொடவே வேண்டாம்.

கேட்டதையே திரும்பக் கேட்கக் கூடாது. கோயிலில் வெள்ளையும் சிவப்பும் பூக்கட்டிப் பார்க்கும்போது, குழந்தை எடுத்துக்கொடுத்த பொட்டலத்தை மாற்றச் சொல்வோமா? அதே மாதிரிதான். காய்ச்சல், கட்டி, கர்ப்பம், கடன், வழக்கு இவற்றுக்கு நான் போடுவதில்லை. டாக்டரையும் வக்கீலையும் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அடுத்தவருக்குப் பார்ப்பது குறைந்தது ஒரு நோட்டு நிறைந்த பிறகு. காசு வாங்காமல் ஆரம்பியுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் முகம் சொல்வதைத்தான் சொல்வீர்கள். எனவே முதல் சொல்லைத் தாளில் எழுதிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று நீங்களே கேட்டு வலது பக்கத்தில் எழுத வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்து விட்டுவிட்டால் அந்தக் குறியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிவப்புத் துண்டைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.