பூட்டியின் பெயர் சீதன உறுதியில் கிடைத்தது

அம்மம்மாவின் தாய் யார், எந்த ஊர் என்று தேடியபோது பிறப்புப் பதிவில் ஒன்றும் அகப்படவில்லை. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் பிரித்தானியர் காலத்திலேயே தொடங்கியது. ஆனால் நம்மவர் பெயருக்கு முன்னால் வருவது தகப்பன் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். வீட்டிலிருந்த பழைய கடதாசிகளும் 1978 சூறாவளியோடு போய்விட்டன.

கைகொடுத்தது மட்டக்களப்பு வழமைதான். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. வீடுவளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். ஆகவே ஆளை விட்டுவிட்டு வளவைப் பிடித்தேன். பெரியம்மாவின் அலுமாரியில் வளவின் உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருந்தது. நாலு எல்லையும் எழுதிய பிறகு, காணி எப்படி உரித்தானது என்ற பகுதியில் முந்திய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் பெயர். அந்த விபரத்தைக் காணிப் பதிவகத்தில் கொடுத்துப் பிரதி எடுத்தேன். அந்தப் பிரதியில் அதற்கும் முந்தியது. அப்படியே பின்னால் போகப் போக, பூட்டியின் பெயர், புருஷன் பெயர், தகப்பன் பெயர்! வடக்கெல்லையில் பூட்டியின் தங்கையின் வளவு. அந்தத் தங்கை இருந்ததே எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எல்லைகளை ஒருபோதும் வாசிக்காமல் விடாதீர்கள். அயலில் இருப்பது பெரும்பாலும் சொந்தம்தான்.

கத்தோலிக்கர், பறங்கியர் குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் நல்லது: ஞானப் பெற்றோரின் பெயரும் இருக்கும். எதற்கும் முதலில், வீட்டில் வயது போனவர்களிடம் என்ன குடி என்று கேட்டு எழுதி வையுங்கள்.