கால்வாயில் துடுப்புப் படகு நிகழ்வு: ஆபத்துகளை முன்கூட்டியே எடைபோடுவது எப்படி

இங்கிலாந்தின் கென்னட் – ஏவன் கால்வாயில் டிவைசஸ் நகரில் தொடங்கி, தேம்ஸ் ஆற்றின் வழியே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் முடியும் 125 மைல் துடுப்புப் போட்டி ஈஸ்டர் விடுமுறையில் நடைபெறுகிறது. அதில் கலந்துகொள்வோர் 77 இடங்களில் கரையேறி, படகைத் தூக்கிச் சென்று, மறுபடியும் நீரில் இறங்க வேண்டும். அவ்வளவு பெரிய போட்டியை நடத்தும் நோக்கம் உங்களுக்கு இல்லாதிருக்கலாம். முப்பது நாற்பது பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் செல்லும் ஒரு சங்க நிகழ்வே உங்கள் திட்டமாக இருக்கலாம். ஆனால் கால்வாயின் ஆபத்து பாதை நெடுகிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதும், கரையேறும் இடம், மதகு, கலிங்கு, பாலம், சுரங்கம் போன்ற சில புள்ளிகளில்தான் அது குவிந்திருக்கிறது என்பதும் இரண்டுக்கும் பொது. எனவே பாதுகாப்புத் திட்டம் அந்தப் புள்ளிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாதையை முதலில் நடந்து பாருங்கள்

வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்து மதிப்பீடு எழுதுவதை நான் ஏற்பதில்லை. குதிரைகள் படகை இழுத்துச் சென்ற காலத்துக் கரைப்பாதை பிரிட்டனின் பெரும்பாலான கால்வாய்களில் இன்றும் இருக்கிறது. நிகழ்வுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு முறையும், அதற்கு முந்தைய நாள் ஒரு முறையும் அதில் நடந்தோ மிதிவண்டியிலோ முழுப் பாதையையும் பார்த்துவிட வேண்டும். மழைக்குப் பின் கரை சேறாகியிருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம், பழுதுபார்ப்புப் பணிக்காக ஒரு பகுதி மூடப்பட்டிருக்கலாம். இவை எவையும் வரைபடத்தில் தெரியாது.

முதலில் கவனிக்க வேண்டியவை லாக் எனப்படும் மதகறைகள். படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் இந்த அறைகளின் சுவர்கள் செங்குத்தானவை, வழுக்குபவை. அறை நிரம்பும்போதும் வடியும்போதும் உள்ளே நீர் கொந்தளிக்கும், வெளியிலும் திடீர் ஓட்டம் உண்டாகும். துடுப்புப் படகுகள் மதகறைக்குள் நுழையாமல், அதற்கு நன்கு முன்னதாகவே கரையேற வேண்டும் என்பதை விதியாக அறிவித்துவிடுங்கள். மேல்கதவை ஒட்டி நீரை உள்ளிழுக்கும் துளைகள் இருப்பதால், கதவருகே கூட்டமாகக் காத்திருப்பதையும் அனுமதிக்கக் கூடாது. கரையேறும் இடத்தைக் கொடியோ பலகையோ நட்டு நீங்களே குறித்துவிட்டால், களைத்து வருபவர் கடைசி நொடியில் முடிவெடுக்க வேண்டிய நிலை வராது.

அடுத்தது கலிங்கு. மிகுநீரை வெளியேற்றுவதற்காகக் கரையோரத்தில் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கும் இது, கோடையில் ஒரு சொட்டும் வழியாமல் அமைதியாகக் கிடக்கும். இரண்டு நாள் மழைக்குப் பின் அதே இடம் பக்கவாட்டில் படகை இழுக்கும். கென்னட் – ஏவன் போன்ற நீர்வழிகளில் வெட்டப்பட்ட கால்வாயும் இயற்கையான ஆறும் மாறி மாறி வருகின்றன. நியூபரிக்குக் கீழே கென்னட் ஆறு பல இடங்களில் கால்வாயோடு கலப்பதால், மேற்பகுதியில் தேங்கிய நீரில் ஓட்டிப் பழகியவர் கீழே வந்ததும் ஓட்டமுள்ள நீரையும் தடுப்பணைகளையும் சந்திக்க நேரும். புதியவர்கள் பங்கேற்கும் நிகழ்வை இத்தகைய பகுதியில் வைக்காதிருப்பதே நல்லது. இதே கால்வாயில், டிவைசஸுக்கும் வூட்டன் ரிவர்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 15 மைல் நீளத்துக்கு ஒரு மதகறைகூட இல்லை. தொடக்கநிலையினரை அழைத்துச் செல்வதற்கு அத்தகைய நீர்ப்பரப்பே ஏற்றது.

பாலங்களில் தாழ்வான சுழல்பாலங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் சற்று உயர்ந்தாலும் தலை இடிக்கும். நின்றபடி ஓட்டும் பலகையில் வருபவர் மண்டியிட வேண்டியிருக்கும். சுரங்கம் குறுக்கிட்டால் முடிவு இன்னும் கடினம். சேவர்னேக் அருகேயுள்ள புரூஸ் சுரங்கம் 459 மீட்டர் நீளமுடையது. உள்ளே கரைப்பாதை கிடையாது. உள்ளே ஒருவர் கவிழ்ந்தால் கரையிலிருந்து எவரும் உதவ முடியாது என்பதால், குறுகிய பயண நிகழ்வு எதிலும் சுரங்கத்தைச் சேர்க்காமல் அதற்கு முன்பே பாதையை முடித்துவிடலாம்.

கரையின் தன்மையையும் எழுதி வையுங்கள். கால்வாய் நீர் பல இடங்களில் எழுந்து நின்றால் இடுப்பளவோ மார்பளவோதான் இருக்கும். ஆனால் எஃகுத் தகடு அடித்த கரையின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நின்றால், குளிரில் விறைத்த ஒருவரால் தானாக ஏற முடியாது. எந்த இடத்தில் ஏற முடியும், எந்த நீளத்துக்கு ஏறவே முடியாது என்பதே மீட்புக் குழுவுக்கு முதலில் தேவைப்படும் தகவல்.

அனுமதியும் எழுத்தில் உள்ள மதிப்பீடும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் ‘கால்வாய், ஆறு அறக்கட்டளை’ (Canal & River Trust) 2012இல் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து அப்பொறுப்பை ஏற்றது. அதன் நீரில் நிகழ்வு நடத்த முன் அனுமதி வேண்டும். ஆபத்து மதிப்பீட்டையும் காப்பீட்டுச் சான்றையும் அப்போது கேட்பார்கள். விண்ணப்பத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அன்று அதே பகுதியில் தூண்டில் போட்டி இருக்கிறதா, மதகுப் பழுது நடக்கிறதா என்பதும் இந்த வழியில்தான் தெரியவரும்.

மதிப்பீட்டில் ஒவ்வொரு ஆபத்துக்கும் யாருக்குத் தீங்கு நேரலாம், எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு கடுமை, என்ன தடுப்பு, அதற்குப் பொறுப்பு யார் என்பவை இருக்க வேண்டும். பல சங்கங்கள் எழுதும் மதிப்பீடுகளில் கடைசிப் பத்திதான் வெறுமையாக இருக்கும்: ‘கரையில் காவலர் நிறுத்தப்படுவார்’ என்று இருக்கும், யார், எத்தனை மணிக்கு, எந்தப் பாலத்தருகே என்பது இருக்காது. பெயர் எழுதப்படாத தடுப்பு நடவடிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கரைப்பாதையில் நடப்பவர்கள், மிதிவண்டிக்காரர்கள், நீண்ட தூண்டில் கம்புகளோடு அமர்ந்திருப்பவர்கள் ஆகியோரையும் தீங்கு நேரக்கூடியோர் பட்டியலில் சேருங்கள். நான்கு மீட்டர் நீளப் படகைத் தோளில் வைத்துக்கொண்டு திடீரெனத் திரும்பும் ஒருவர் அவர்களுக்கு ஆபத்தானவரே. படகைத் தூக்கிச் செல்லும்போது ஏற்படும் வழுக்கல், முதுகுப் பிடிப்பு, கால் சுளுக்கு ஆகியவற்றை அற்பமென ஒதுக்க வேண்டாம்.

நிகழ்வை நிறுத்தும் வரம்புகளை அமைதியான மனநிலையில், முன்கூட்டியே எழுதிவிடுவதுதான் இந்த ஆவணத்தின் தலையாய பயன். காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் பலகைகளுக்கு அனுமதி இல்லை, ஆற்றோடு கலக்கும் பகுதியில் நீர்மட்டப் பலகை எந்த நிறத்தைக் காட்டினால் பாதை மாறும், இடி கேட்டால் எங்கே கரையேறுவது, முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஒருவரிடம் இருக்கிறது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். நாற்பது பேர் உடை மாற்றிக்கொண்டு காத்திருக்கும்போது வரம்பைப் புதிதாக யோசிக்கத் தொடங்கினால், எவருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மனம் வராது.

2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹாவர்ஃபோர்டுவெஸ்டில், மழையால் பெருக்கெடுத்திருந்த கிளெடாவ் ஆற்றில் பலகைகளில் சென்ற குழுவில் நால்வர் தடுப்பணையில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தனர். அது கால்வாய் அன்று. இருந்தாலும் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைக் கிளை வெளிக்கொணர்ந்த குறைகள் எந்த நீருக்கும் பொருந்தும். திட்டமிடல் போதவில்லை, தடுப்பணையின் ஆபத்து பங்கேற்பாளர்களுக்கு முறையாக விளக்கப்படவில்லை, ஓட்டுபவரைப் பலகையோடு இணைக்கும், ஓட்டமுள்ள நீருக்குப் பொருந்தாத கயிறுகள் பயன்பாட்டில் இருந்தன. அந்தப் பயணத்தை நடத்தியவருக்கு 2025இல் 10 ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

குளிரும் உடையும்

15 டிகிரி செல்சியஸுக்குக் கீழான நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சு தானாகத் திணறும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். இந்தக் குளிரதிர்ச்சி முதல் சில நிமிடங்களில் உச்சத்தில் இருக்கும்; நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அப்போதுதான் நீரை விழுங்குகிறார். வெயில் அடிக்கும் ஏப்ரல் நாளில் காற்று இதமாக இருந்தாலும் நீர் குளிர்காலத்தின் குளிரையே வைத்திருக்கும் என்பதால், உடையைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யாமல் நீரைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

மிதவை அங்கி அனைவருக்கும் கட்டாயம் என்று அறிவித்தால் போதாது. நீரில் இறங்கும் முன் ஒருவர் ஒவ்வொருவரின் பட்டைகளையும் இழுத்துப் பார்க்க வேண்டும். துடுப்பு வீசுவோர் வழக்கமாக அணியும் 50 நியூட்டன் மிதவை அங்கி, நினைவோடு இருப்பவர் மிதப்பதற்கு உதவும். மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் என்ற உறுதியை அது தராது. ஆகவே அங்கி அணிந்திருக்கிறார்கள் என்பதற்காக மீட்பு ஏற்பாட்டைக் குறைக்கக் கூடாது. பலகை ஓட்டுவோரில், ஓட்டமோ சிக்கக்கூடிய தடைகளோ உள்ள பகுதிக்குச் செல்பவர்கள் கணுக்காலில் கட்டும் கயிற்றைத் தவிர்த்து, ஓர் இழுப்பில் விடுபடும் இடுப்புப் பட்டையைப் பயன்படுத்த வேண்டும். காலுக்குப் பின்பக்கம் மூடிய காலணி அவசியம்: வண்டலுக்குள் கண்ணாடித் துண்டும் பழைய மிதிவண்டியும் புதைந்து கிடக்காத நகரக் கால்வாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிகழ்வு நாள்

காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணிக்கை. நீரில் இறங்கியவர், வழியில் விலகியவர், முடித்தவர் என மூன்று கணக்குகளையும் ஒருவரே வைத்திருக்க வேண்டும். விலகுபவர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால், அவரைத் தேடி மாலைவரை நீரைத் துழாவ நேரிடும். அதிகாலையிலேயே கரைக் காவலர்கள் தத்தம் இடங்களுக்குச் சென்றுவிட வேண்டும். அனைவரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் சிறு குழுக்களாக இடைவெளி விட்டு அனுப்பினால் மதகறைகளின் அருகே நெரிசல் குறையும். அனுபவமுள்ள ஒருவர் முன்னாலும், இன்னொருவர் கடைசியாகவும் செல்ல வேண்டும். கடைசியில் செல்பவருக்குப் பின்னால் எக்காரணம் கொண்டும் எவரும் தங்கிவிடக் கூடாது.

பாதுகாப்பு விளக்கம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் அதைக் கேட்காதவர் நீரில் இறங்க முடியாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாதையின் ஆபத்துப் புள்ளிகள், கரையேறும் குறிகள், விசில் சைகைகள், கவிழ்ந்தால் முதலில் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு படகைப் பிடித்து மிதக்க வேண்டும் என்பது ஆகிய இவ்வளவும் அதில் அடங்கிவிடும். விசைப்படகுகளைப் பற்றியும் சொல்லுங்கள். 70 அடிவரை நீளும் குறுகிய கால்வாய்ப் படகை ஓட்டுபவர் அதன் பின்முனையில் நிற்கிறார். படகின் முன்முனைக்கு அருகே நீரோடு நீராகத் தாழ்ந்திருக்கும் கயாக் அவர் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவரால் உடனே நிறுத்த இயலாது. சாலைப் பழக்கத்துக்கு மாறாக இங்கே வலப்புறமாக ஒதுங்க வேண்டும்; வளைவிலும் பாலத்தடியிலும் இணையாக ஓட்டிப் பேசிக்கொண்டு வருவதைத் தவிர்க்க வேண்டும்.

ஒருவர் நீரில் தத்தளிக்கும்போது மீட்பவர் நீருக்குள் குதிப்பது கடைசி வழி. முதலில் குரல் கொடுத்து அமைதிப்படுத்துவது, பிறகு துடுப்பையோ கம்பையோ நீட்டுவது, எட்டாவிட்டால் எறிகயிற்றை வீசுவது, அதற்கும் அப்பாற்பட்டால் படகில் நெருங்குவது என்ற வரிசையைக் கரைக் காவலர்கள் அனைவரும் நிகழ்வுக்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். எறிகயிற்றைப் பையிலிருந்து முதன்முறையாக விபத்தின்போது எடுப்பவரால் பயனில்லை.

ஆம்புலன்ஸை 999இல் அழைப்பவர் ‘கால்வாய்க் கரையில்’ என்று சொன்னால் வண்டி வந்து சேராது. கால்வாய்ப் பாலங்களில் பெரும்பாலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மிக அருகிலுள்ள பாலத்தின் எண், அதை அடையும் சாலையின் பெயர், அங்கே வண்டி நுழைய வாயில் திறந்திருக்கிறதா என்பவற்றை ஒரு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு காவலரின் கழுத்திலும் தொங்கவிடுங்கள். கைப்பேசி அலை கிடைக்காத இடங்களை முன்னோட்டத்திலேயே கண்டறிந்து, அங்கே வாக்கி-டாக்கி வைத்திருப்பவரை நிறுத்த வேண்டும்.

நிகழ்வு முடிந்த பின்

எலியின் சிறுநீர் கலந்த நன்னீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். வெட்டுக்காயம், கண், மூக்கு, வாய் வழியாக அது உடலுக்குள் செல்கிறது. நீரில் இறங்கும் முன் காயங்களை நீர்புகாப் பட்டையால் மூடவும், உணவைத் தொடும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும் வசதி செய்துகொடுங்கள். அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் சாதாரணக் காய்ச்சல், தலைவலி, தசைவலி போலத் தோன்றுவதால் மருத்துவரே அதைச் சளிக்காய்ச்சல் எனக் கருத இடமுண்டு. காய்ச்சல் வந்தால் தாம் கால்வாய் நீரில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லும்படி எல்லாப் பங்கேற்பாளருக்கும் அன்று மாலையே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

கரைக் காவலர்கள் கலைவதற்குள், அடி படாமல் தப்பிய சம்பவங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யார் எந்த மதகருகே வழுக்கினார், எந்த வளைவில் விசைப்படகை மயிரிழையில் தவிர்த்தார், எந்த இடத்தில் காவலர் தனியாக இருந்து திணறினார் என்பவை அவர்களுக்கு மட்டுமே தெரியும். அடுத்த நிகழ்வுக்கான மதிப்பீட்டில் அந்த இடங்களுக்கு எதிரே புதிய தடுப்பும் அதற்குப் பொறுப்பாளர் பெயரும் சேர்ந்த பிறகே அனுமதி விண்ணப்பத்தை அனுப்புங்கள்.