சிம் ஓசி, ரீசார்ஜ்தான் காசு: கணக்குப் போட்டு ரீசார்ஜ் செய்வது எப்படி?

தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் ஆதாரைக் காட்டினால் சிம் கார்டு ஓசியிலேயே கிடைத்துவிடும். அதை உயிரோடு வைத்திருக்கத்தான் காசு.

1. நாள் கணக்குப் போடுங்கள்

பேக் விலையை வேலிடிட்டி நாளால் வகுத்துப் பாருங்கள். 2024 ஜூலை விலையேற்றத்தில் ஏர்டெலின் 28 நாள் பேக் 179-லிருந்து 199 ரூபாய் ஆனது, அதாவது நாளுக்கு ஏழு ரூபாய் பத்துக் காசு சொச்சம். மாதம் ஒரு தடவைதானே என்று 12-ஆல் பெருக்கினால் 2,388 வரும், ஆனால் 28 நாள் எங்கே மாதம் ஆகிறது, பிப்ரவரியைத் தவிர? வருஷத்துக்கு 13 தடவை போடணும், 2,587 ரூபாய். முப்பது நாள் பேக் ஒன்று, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் போடும் பேக் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று போன் கம்பெனிகளுக்கு விதி போடும் ஆணையமான டிராய் 2022-லேயே சொல்லிவிட்டது. ஆப்பில் கீழே தள்ளித் தள்ளித் தேடணும், அவ்வளவுதான்.

2. நெட் வேண்டுமா என்று பாருங்கள்

எங்கள் அத்தையின் பட்டன் போனுக்குக் கடைக்காரர் தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டுக்கொண்டிருந்தார். அந்த போனில் நெட்டே ஓடாது! கேட்டால், "அதுதான் தம்பி எல்லாரும் போடுறாங்க" என்றார். பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி போட்டது. அடுத்த மாதமே ஏர்டெல் 84 நாளுக்கு 469 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, நாளுக்கு ஐந்தரை ரூபாய் சொச்சம். விலை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கடையில் "அண்ணே, நெட் வேண்டாம், பேச மட்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

3. பேங்க் ஓடிபிக்கு வைத்திருக்கும் இரண்டாவது சிம்

90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் பறிபோகும், பிறகு அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விடுவார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 20 ரூபாய் டாப்-அப் போட்டால் வரிபோக ஏறுவது 14.95தான்! ஐம்பது போடுங்கள், 39.37 ஏறும். ஆனால் இது எண்ணைக் காப்பாற்றும், அவ்வளவே. பேக் இல்லாமல் ஓடிபி வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

4. கட்டுப்படியாகவில்லையா, அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள்

ஆங்கிலத்தில் PORT என்று டைப் செய்து, இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். பேக் முடிந்திருந்தாலும் இந்த மெசேஜ் போக வேண்டும் என்பது 2021 டிசம்பர் உத்தரவு. எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும், நான்கு நாள்தான் செல்லும், அதற்குள் புது கம்பெனி கடைக்குப் போய்விடுங்கள். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் உங்களோடு சேர்ந்து வராது, பேசித் தீர்த்துவிடுங்கள். மூன்று வேலை நாளில் மாறிவிடும், அதுவரை பழைய சிம்மைக் கழற்ற வேண்டாம்.