சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: முதல் பயணத்தில் அறை எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிள்ளைகளைச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவது என்று முடிவானதும், பல வீடுகளில் முதலில் தேடுவது பார்க் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலைத்தான். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் பார்க் இருக்கும் சென்டோசா தீவுக்குள்ளேயே அறை எடுத்தோம். நான்கு இரவு தங்கினோம். பார்க்குக்குப் போனது ஒரே நாள். மற்ற நாளெல்லாம் மிருகக்காட்சி சாலை, மெரினா பே, முஸ்தபா கடை என்று தீவை விட்டு வெளியே போய், இரவில் தூங்கி வழியும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினோம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் நேரத்துக்கு இரண்டு இட்லி கிடைக்காமல் அவர் பட்ட சிரமம் இன்னும் மனதில் இருக்கிறது.

அந்தப் பார்க் சுமார் 50 ஏக்கர்தான். ஒரு முழு நாள் போதும். ஆகவே அறையைப் பார்க்கை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மீதி நாட்களையும், வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, சென்டோசா ஏறக்குறைய 500 ஹெக்டேர் தீவு. விளம்பரத்தில் 'சென்டோசா' என்று போட்டிருப்பதால் மட்டும் அந்த ஹோட்டல் பார்க்கை ஒட்டி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கடற்கரை முனையில் இருந்தால் அங்கிருந்தும் பஸ்ஸோ மோனோரயிலோ பிடித்துத்தான் வர வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பதும் ஒரு தவறு. சிங்கப்பூரில் எந்த எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) பாதையில் இருக்கிறோம் என்பதே முக்கியம். வரைபடத்தில் ஊதா நிறத்தில் இருக்கும் வடகிழக்குப் பாதை ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்தில் முடிகிறது. அதற்கு மேலேயே விவோசிட்டி பேரங்காடி. அதன் மூன்றாம் தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே பார்க் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட். தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி. அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நடக்க முடிந்தவர்கள் போர்டுவாக் என்ற நடைபாதை வழியாகக் காசில்லாமலே போகலாம்.

இதே ஊதாப் பாதையில் ஹார்பர்ஃபிரன்டிலிருந்து ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, அதற்கடுத்தது ஃபேரர் பார்க். வண்டி மாற வேண்டியதே இல்லை. உள்ளூர்த் தமிழர் தேக்கா என்று சொல்லும் இந்த வட்டாரத்தில் சிராங்கூன் சாலை நெடுக நம் சாப்பாடு. 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இங்கேதான் இருக்கிறது. காலையில் பிள்ளைகள் எழுவதற்குள் பெரியவர்கள் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்து போய் வந்துவிடலாம். இரண்டாம் தடவை ஃபேரர் பார்க் பக்கம் தங்கினோம். அம்மா முகத்தில் தெரிந்த நிம்மதியே போதும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஞாயிறு மாலைகளில் விடுமுறையில் இருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள், நெரிசல் பலமாக இருக்கும்.

தீவுக்குள் தங்குவது யாருக்குச் சரி? மதியம் கட்டாயம் தூங்கியாக வேண்டிய கைக்குழந்தை இருந்தால், அல்லது பயணம் முழுக்கவே சென்டோசாவோடு முடிகிறது என்றால் தாராளமாக எடுக்கலாம்.

அடுத்தது பணம். ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால், அதன் மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரும். 200 வெள்ளி அறை கடைசியில் ஏறத்தாழ 240 வெள்ளி. நான்கு இரவுக்கு 160 வெள்ளி கூடுகிறது. பல ஹோட்டல்களை ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் வரி சேர்ந்த கடைசித் தொகையையே பாருங்கள்.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் காரணம் இருக்கும். மலிவு ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய உண்டு. அறை விவரத்தில் ஜன்னல் உண்டா இல்லையா என்று போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. கேலாங் பகுதியிலும் மலிவாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்குப் பேர்போன இடம்தான், ஆனால் அதன் சில தெருக்கள் அரசே அனுமதித்த சிவப்பு விளக்குப் பகுதி. பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்தே முடிவு செய்யட்டும்.

'ஆறு பேர், ஒரு வீடாகவே எடுத்துவிடலாம்' என்ற யோசனையும் வரும். சிங்கப்பூரில் அது சட்டத்துக்குப் புறம்பு. தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்கும், எச்.டி.பி. என்ற அரசு அடுக்குமாடி வீடுகளை 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். இணையத்தில் யாராவது நான்கு நாளுக்கு ஃபிளாட் தருகிறேன் என்றால் தொடவே வேண்டாம்.

அறைகளும் சின்னவை. இரண்டு பேர் அறையில் பாயை விரித்து நான்கு பேர் சமாளிக்கலாம் என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே எடுபடாது. கவுன்டரில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். பதிவு செய்யும்போதே பாட்டியையும் சேர்த்து, பிள்ளைகளின் வயதை உள்ளபடி போடுங்கள். எந்த வயது வரை குழந்தை என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். ஒன்றை ஒன்று ஒட்டிய இரண்டு அறைகளை, நடுவே கதவு இருப்பதாகக் கேட்டு வாங்குவது எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது.

அப்புறம், வந்து சேரும் நேரம். சென்னையிலிருந்து இரவு விமானம் ஏறினால் விடிகாலையில் சாங்கி விமான நிலையம். நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே என்பதால் பிள்ளைகளுக்கு அது நடு ராத்திரி. அறையோ பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு அன்றைக்கே பார்க்குக்குப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். அவ்வளவு காசு கொடுத்த டிக்கெட்டோடு பிள்ளை ஸ்ட்ரோலரில் தூங்கிக்கொண்டிருக்கும். சீக்கிரம் அறை கிடைக்குமா என்று ஒரு வாரம் முன்பே ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முதல் நாளுக்கு விவோசிட்டி மாடியில் இருக்கும் திறந்தவெளி நீர்த்தடாகம் போதும். மாற்றுத்துணி ஒரு செட் கைப்பையில் இருக்கட்டும்.