அம்மாச்சி மடிக்கு ஒரு ஃப்ளீஸ் போர்வை

கோத்தகிரியில் ஜனவரி உறைபனி ஆரம்பித்தால் அம்மாச்சி வீல்சேரை விட்டு நகராது, முட்டி வலி. வீட்டுக் கம்பளி முழு நீளம், சக்கரத்தில் சிக்கிக்கொண்டே இருந்தது. சரி, மடிக்கு மட்டும் நாமே தைப்போம் என்று ஊட்டி கடைவீதியில் ஒரு மீட்டர் ஃப்ளீஸ் (மெத்தென்று இருக்கும் பாலியஸ்டர்) துணி வாங்கினேன். அகலம் 58 அங்குலம் இருந்தது, அதை 45 ஆக வெட்டிவிட்டேன், மிச்சத்தில் கை நுழைக்க ஒரு பை.

மெஷினில் தைக்க உட்கார்ந்தால் நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போகிறது, ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி அலை அலையாக! நூலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். டெய்லர் அண்ணன் பார்த்துவிட்டு, "ஊசியை மாத்தும்மா, இது பின்னல் துணி" என்றார். முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி, 14-ஆம் நம்பர் போட்டதும் தையல் விடுவது நின்றது. அப்புறம் தையல் நீளத்தை 4 மில்லிமீட்டர் ஆக்கி, துணியை அமுக்கும் காலின் திருகையும் கொஞ்சம் தளர்த்தி, துணியை இழுக்காமல் விட்டேன், அலையும் போச்சு.

ஃப்ளீஸ் நூல் பிரியாது, அதனால் ஓரத்தை ஒரே ஒரு மடிப்பு மடித்தால் போதும், இரண்டு மடித்தால் தடித்து உறுத்தும். சூடான அயர்ன் பாக்ஸ் மட்டும் வேண்டாம், பாலியஸ்டர், உருகிவிடும் (ஒரு துண்டை வைத்துப் பார்த்தேன், பளபளவென்று ஒட்டிக்கொண்டது). முடித்ததும் மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடி பஞ்சு.

பையில் இப்போது கை இல்லை, வெற்றிலைப் பெட்டிதான் இருக்கிறது.