வீட்டில் களவு போனால் பொலிசிடம் எப்படிச் சொல்வது? (இங்கிலாந்து)

பதற்றத்தில் போனை எடுத்ததும் எங்கட ஆட்கள் சொல்வது "றொபரி" என்றுதான். மறுமுனையில் உடனே "ஆருக்கும் காயமா? கத்தி ஏதும் வைத்திருந்தார்களா?" என்று கேட்பார்கள். 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, ஆளை அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் றொபரி. நீங்கள் வேலைக்குப் போன நேரம் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் அது பேர்க்லரி.

அதற்குப் பூட்டு உடைந்திருக்கத் தேவையில்லை. திறந்து கிடந்த ஜன்னலால் வந்தாலும், தோட்டத்து ஷெட்டுக்குள் புகுந்தாலும் பேர்க்லரிதான். களவெடுக்கும் எண்ணத்தோடு அத்துமீறி உள்ளே வந்தாலே போதும். ஒன்றும் எடுக்காமல் ஓடியிருந்தாலும் சொல்லுங்கள். கதவை நெம்பிப் பார்த்துவிட்டு முடியாமல் போயிருந்தால் "அட்டெம்ப்டட் பேர்க்லரி". வாசற்படியில் வைத்த பார்சல் காணாமல் போனால் வெறும் தெஃப்ட் (திருட்டு).

கள்ளன் இன்னும் உள்ளே நிற்கிறான் என்று தோன்றினால் உள்ளே போகாமல் 999. எல்லாம் முடிந்தபின் கண்டால் 101 (அவசரமில்லாததற்கான பொலிஸ் நம்பர்). ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பொலிஸ் தரும் கிரைம் றெஃபரன்ஸ் நம்பரை (முறைப்பாட்டு இலக்கத்தை) வாங்கி எழுதி வையுங்கள். அது இல்லாமல் இன்சூரன்ஸ்காரரிடம் பேச்சு நகராது.

இன்சூரன்ஸ்காரர் கேட்பது "ஃபோர்ஸ்ட் என்ட்ரி" இருந்ததா என்று, அதாவது உடைத்து வந்த அடையாளம். அறை வாடகைக்கு இருப்பவர்களுக்கான பல இன்சூரன்ஸ் பொலிசிகளில் அது இல்லாவிட்டால் காசு வராது. அதற்காக இல்லாததைச் சொல்லப் போனால் முழுக் கிளெய்மும் போய்விடும்.

நகை விஷயம்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. "பதினொரு பவுண் தாலிக்கொடி" என்றால் இங்கே பவுண் என்பது காசு. 11 பவுண்ட் சங்கிலி என்று எழுதிவிடுவார்கள். ஒரு பவுண் 8 கிராம், ஆகவே "88 கிராம், 22 கரட்" என்று சொல்லுங்கள். கழுத்தில் போட்டபடி எடுத்த கலியாணப் படமும் கடை ரசீதும் இருந்தால் காட்டுங்கள். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இன்சூரன்ஸ் பொலிசியில் இருக்கும், நகையைத் தனியாகப் பதியாவிட்டால் அதற்குமேல் கிடைக்காது.

வீட்டை வாடகைக்கு விட்ட சொந்தக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் சாவி போட்டு உள்ளே வருகிறாரா? களவெடுக்க வராதவரை அது பொதுவாகப் பேர்க்லரி ஆகாது. திருத்தவேலை பார்க்க வருவதென்றாலும் பொதுவாக 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். வந்த திகதிகளைக் குறித்துக்கொண்டு கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்குப் போங்கள். பூட்டை மாற்றி உங்களை வெளியே விட்டால் அது குற்றம், அப்போது பொலிசையும் கூப்பிடலாம்.