முற்றத்துக்குக் கல் தெரியும் கான்கிரீட்: பணம் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை என்று எந்தப் பக்கம் போனாலும் புதுவீட்டு முற்றங்களில் இன்டர்லாக் கல்தான். இடுக்கில் புல் முளைப்பதையும் சக்கரம் ஏறும் இடம் அமுங்குவதையும் பார்த்து அலுத்தவர்கள் இப்போது எக்ஸ்போஸ்டு அக்ரிகேட் கான்கிரீட் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கான்கிரீட் போட்டதும் மேல்பரப்பு மட்டும் இறுகாமல் இருக்க ரிட்டார்டர் என்ற மருந்தைத் தெளிப்பார்கள். அடிப்பகுதி இறுகிய பிறகு மேலே இருக்கும் சிமெண்ட் பாலைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால் உள்ளே கிடக்கும் கல் வெளியே தெரியும். நன்றாகச் செய்தால் மழையிலும் கால் வழுக்காது, பல வருடம் உழைக்கும். மோசமாகச் செய்தால் கல் உதிரும், பிளவு விழும். ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதும் கடினம், ஒட்டிய இடம் நிறம் மாறி எப்போதும் தனியாகத் தெரியும். அதனால் இந்த வேலையில் கவனம் எல்லாம் முன்னதாகவே தேவைப்படுகிறது.

ஒற்றை விலையைக் கேட்டு முடிவு செய்வது

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். ஒருவர் குறைவாகச் சொல்வார், இன்னொருவர் ஒன்றரை மடங்கு சொல்வார். குறைவாகச் சொன்னவருக்கு வேலை போய்விடும். கனம் எத்தனை அங்குலம், கம்பி உண்டா, அடியில் மெட்டல், அதாவது ஜல்லி, விரித்து இடிப்பார்களா, தோண்டிய மண்ணை யார் கொண்டுபோவது, இதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் மறைந்து கிடக்கும்.

விலை மாதத்துக்கு மாதம் மாறும், அளவு மாறாது. எனவே முதலில் அளவைக் கணக்குப் போடுங்கள். 500 சதுர அடி முற்றம், 4 அங்குலக் கனம் என்றால் 167 கன அடி கான்கிரீட். சேதாரமும் தரையின் மேடுபள்ளமும் சேர்த்து 10 சதவீதம் கூட்டினால் 184 கன அடி, அதாவது 5.2 கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 42 மூட்டை சிமெண்ட் வேண்டும். எம் சாண்ட் முக்கால் யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) சற்றே கூடுதல், மெட்டல் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். 8 மில்லிமீட்டர் கம்பியை நீளத்திலும் குறுக்கிலும் 8 அங்குல இடைவெளியில் கட்டினால் ஏறத்தாழ 190 கிலோ. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடையில் அன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். கான்ட்ராக்டர் சொல்லும் தொகை பொருள் செலவுக்கே காணாது என்றால், எங்கோ கனம் குறையப் போகிறது என்று பொருள்.

இதே முற்றத்தை 3 அங்குலத்தில் போட்டால் கான்கிரீட்டில் கால்வாசி மிச்சம். கழுவி முடித்த பின் மேலே நின்று பார்க்கிற யாருக்கும் அந்தக் கால்வாசி தெரியாது. கார் ஏறும் இடத்துக்கு 4 அங்குலத்துக்குக் குறையாமல், தண்ணீர் லாரியோ செங்கல் லாரியோ வரக்கூடிய இடத்துக்கு 6 அங்குலம் போடுங்கள். ஆட்கள் மட்டும் நடக்கிற, மாலையில் நாற்காலி போட்டு உட்காருகிற பின்முற்றத்துக்கு 3 அங்குலம் போதும். சிக்கனம் பிடிக்க விரும்பினால் அங்கே பிடியுங்கள்.

எஸ்டிமேட்டில் வழக்கமாக விடுபடுகிறவை இவை: மண் தோண்டி அகற்றும் கூலி, அடிப்படுகை மெட்டல், ரிட்டார்டர், கழுவும் பிரஷர் மெஷின் வாடகை, ஜாயின்ட் வெட்டும் கூலி, ஓரத்து வடிகாலும் அதன் கம்பிச்சட்டமும், கடைசியில் அடிக்கும் சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு. இவற்றை ஒவ்வொரு வரியாக எழுதி வாங்குங்கள். பழைய எஸ்டிமேட்டை வைத்துப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அந்தக் குறைவு உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேரளப் பக்கம் வீடு உள்ளவர்கள் இங்கிருந்து எம் சாண்டும் மெட்டலும் கொண்டுபோவதாக இருந்தால், நடைச்சீட்டோடு வரும் லோடின் வண்டிக்கூலியைத் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ரெடிமிக்ஸ் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், தரம் ஒரே சீராக இருக்கும். ஆனால் நம் ஊர் இடவழிகளில் மிக்சர் லாரி திரும்புமா என்று ஆர்டர் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

போட்டோவைப் பார்த்துக் கல் தேர்வது

போனில் காட்டும் படம் ஈரமாக இருக்கும்போதோ சீலர் அடித்த பிறகோ எடுத்ததாக இருக்கும். அதே கல் காய்ந்த வெயிலில் வெளிறித் தெரியும். ஆகவே அதே கல், அதே சிமெண்ட், அதே மணல் கொண்டு மூன்றடிக்கு மூன்றடி மாதிரிப் பலகை ஒன்றைப் போட்டுக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம். வேலை முடியும்வரை அந்தப் பலகையை உடைக்க விடாதீர்கள், பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

நம் வீட்டு முற்றம் படத்தில் உள்ள முற்றம் போன்றதல்ல. இங்கே செருப்பைப் படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடக்கிறோம். குழந்தைகள் ஓடி விழுவது அங்கேதான். உடைத்த கருங்கல் ஜல்லியின் முனை பாதத்தில் குத்தும், முழங்காலைக் கீறும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் அளவில் உருண்டையான கூழாங்கல்லே நமக்கு ஏற்றது. தட்டையான, மெல்லிய கற்கள் படுத்துக்கிடக்கும்; பிடிப்பு இல்லாததால் அவைதான் முதலில் உதிரும்.

மிளகு, தேங்காய், கிராம்பு, புளி காயப்போடுகிற வீடாக இருந்தால் முற்றம் முழுவதையும் கல் தெரியும்படி ஆக்காதீர்கள். மிளகு கல் இடுக்கில் போய் உட்கார்ந்தால் வாரியலுக்கு வராது. வாசலில் கோலம் போடுகிற வீட்டில் நடையை ஒட்டி நான்கடி அகலத்துக்கு வழவழப்பான கான்கிரீட்டோ கருங்கல் பலகையோ விட்டுவிடுவது நல்லது. கார் ஏறும் பகுதிக்கும் நடைபாதைக்கும் மட்டும் இந்தப் பூச்சு, மீதிக்கு வேறு என்று பிரித்தால் அழகும் கூடும், பணமும் மிஞ்சும். இது என் உறுதியான அபிப்பிராயம்.

கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். ஆற்றில் அள்ளியதை வாங்காதீர்கள். ஆற்றங்கரையைக் காக்கவும் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தவும் கேரளத்தில் 2001-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரைக் கல்லும் மணலும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். தேவைக்கு மேல் இரண்டு மூட்டைக் கல் கூடுதலாக வாங்கி வீட்டில் வையுங்கள். பின்னால் சின்ன ரிப்பேர் வந்தால் அதே கல் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அடியில் இருப்பதை மறப்பது

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி மனைகள் சரிவானவை. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித்தான் முற்றம் எடுக்கிறோம். வெட்டிய பாதி கெட்டியான சரல் மண், நிரப்பிய பாதி பொலபொலப்பு. இரண்டுக்கும் மேல் ஒரே கான்கிரீட்டைப் போட்டால் நிரப்பிய பாதி இறங்கும், நடுவில் பிளவு வரும். நிரப்பும் மண்ணை ஆறு ஆறு அங்குல அடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். அதன்மேல் 4 அங்குலம் மெட்டலும் பாறைப்பொடியும் விரித்து மறுபடி இடிக்க வேண்டும். நேரம் இருந்தால் நிரப்பிய மண்ணை ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுவிட்டு வேலை தொடங்குங்கள்.

தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட வேண்டும். 50 அடிக்கு ஓர் அடி சரிவு போதும். சாலை மேலேயும் வீடு கீழேயும் இருந்தால் சரிவின் அடியில் குறுக்கு வடிகால் கட்டாயம். அந்தத் தண்ணீரை அடுத்த வீட்டு மதிலுக்குத் திருப்பிவிடாமல் மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பது ஒருபுறம். முற்றம் முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, மார்ச்சில் கிணறு வற்றுகிறது என்று வருந்துவதில் பயன் இல்லை.

செப்டிக் டாங்க் மூடி கார் போகும் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். மனிதர் நடக்கப் போட்ட ஸ்லாப் காரைத் தாங்காது. நாளைக்குக் கேபிளோ குழாயோ போட வேண்டி வந்தால் வெட்டாமல் இருக்க, இப்போதே குறுக்கே காலி பிவிசி பைப் ஒன்றைப் புதைத்து வையுங்கள். கேட் உள்பக்கம் திறப்பது என்றால், முற்றம் உயர்ந்த பின் தட்டாமல் திறக்குமா என்பதையும் அளந்துவிடுங்கள்.

அவசரத்தில் நாள் குறிப்பது

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை. கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு அதற்கு முந்தின வாரம் முற்றத்தைப் போடுவது நம் ஊர் வழக்கம். சாதாரணத் தரைக்கு அது எப்படியோ ஒப்பேறும், இதற்கு ஒப்பேறாது. ரிட்டார்டர் தெளித்த அரைமணியில் மழை பெய்தால் மருந்து ஓரிடத்தில் கரைந்து ஓடும், இன்னோரிடத்தில் தேங்கும். கழுவும்போது ஒரு பக்கம் கல்லே தெரியாது, மறுபக்கம் கல் பெயர்ந்து வரும். ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். எந்த மாதமானாலும் முற்றம் முழுவதையும் மூடும் அளவுக்குப் பாலிதீன் ஷீட் கைவசம் இருக்க வேண்டும்.

போடும் அன்று கலவையில் தண்ணீரைக் கூட்டிவிடுவதுதான் மிகப் பெரிய கேடு. இழுத்து விரிக்கச் சுலபம் என்று கையாள் இன்னொரு வாளி ஊற்றுவார். கல் அடியில் இறங்கிவிடும், மேலே பலமில்லாத சிமெண்ட் பால் மிஞ்சும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். அன்று வீட்டுக்காரர் ஒருவர் மிக்சர் பக்கத்தில் நிற்பது நல்லது.

அலங்காரக் கல் விலை கூடுதல் என்பதால், அடியில் சாதாரணக் கான்கிரீட்டும் மேல் ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் கூழாங்கல் கலவையும் போடலாம். அடியில் உள்ளது பச்சையாக இருக்கும்போதே மேல் அடுக்கு ஏற வேண்டும். மறுநாள் வந்து போட்டால் இரண்டும் ஒட்டாது, சில வருடத்தில் தகடாகக் கிளம்பும்.

ரிட்டார்டர் எதற்கு, ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்று சொல்கிற கொத்தனார்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள். ஆசிட் கல்லைப் பிடித்திருக்கும் சிமெண்டையே அரிக்கும். கழுவும் ஆழமும் முக்கியம். பல் ஈறில் பதிந்திருப்பதுபோல் கல்லின் பெரும்பகுதி உள்ளே இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. முதலில் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்து, கல் அசையவில்லை என்றால் மட்டும் மீதியைக் கழுவச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீர் சுண்ணாம்பு போல் காரமானது. கிணற்றுப் பக்கமோ மீன் வளர்க்கும் குளத்துக்கோ போகாமல் மண்ணால் அணை கட்டி ஒரு குழியில் தேக்குங்கள்.

கான்கிரீட் சுருங்கும், பிளக்கும். எங்கே பிளக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யத்தான் ஜாயின்ட். 4 அங்குலக் கனத்துக்கு எட்டு முதல் பத்தடிக்கு ஒன்று, ஆழம் ஒரு அங்குலம், கட்டங்கள் கூடியவரை சதுரமாக இருக்கட்டும். அழகு கெடும் என்று சொல்லி ஜாயின்டைத் தவிர்க்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் அரை அங்குலத் தெர்மோகோல் பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

கழுவியது கியூரிங் (ஈரமாக வைத்து இறுக விடுவது) ஆகாது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (போர்ட்லண்ட் பொசொலானா) சிமெண்ட், அதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி குறைந்தது 10 நாள் ஈரம் கேட்கிறது, 14 நாள் வைப்பது நல்லது என்கிறது. நனைத்த சாக்கு விரித்துத் தண்ணீர் விடுங்கள். ஒரு மாதம் வரை காரைச் சாலையிலேயே நிறுத்துங்கள்.

சீலர் 28 நாளுக்குப் பிறகுதான். பளபளக்கும் அக்ரிலிக் வகை நனைந்தால் வழுக்கும். பலா, ரப்பர் நிழல் விழுந்து பாசி பிடிக்கிற நம் முற்றங்களுக்குக் கல்லுக்குள் ஊறிப்போகும் சிலேன் வகை பொருத்தம், பளபளப்பு மட்டும் கிடைக்காது. சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது சீலர் அடித்து, ஒரு நல்ல மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.